இருபத்தைந்து மூஞ்சி

கயிறு எட்டவில்லை. நடு ஆற்றைத் தாண்டிப் போய், தென்கரையைத் தொடும் முன்பே தீர்ந்துவிட்டது. கல்யாணத்துக்கு இன்னும் நான்கே நாள்.

அந்தக் காலத்தில் நடந்தது இது. பறவையும் விலங்கும் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த காலம். பேசியதில் பாதி சண்டைதான்.

ஆற்றுக்கு வடகரை, தென்கரை என்று இரண்டு கரை. வடகரையில் எதை அளந்தாலும் நாரையின் காலடியால் அளப்பார்கள். எல்லா நாரையும் இல்லை, கொம்பையா என்ற ஒரே நாரை. அவன் நடையில் பிசகு கிடையாது. நூறு அடி வைத்தால் நூறும் ஒரே நீளம். புற்றின் சுற்றளவா, வேலியின் நீளமா, கொம்பையாவைக் கூப்பிடு. வருவான், நடப்பான், சொல்வான், போவான். மறுபேச்சு இல்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

தென்கரையில் அளவு என்றால் மாராயி. மாராயி ஓர் உடும்பு. நன்றாக வளர்ந்து, இனி வளர ஒன்றுமில்லை என்று நின்றுவிட்ட உடும்பு. எதை அளக்க வேண்டுமோ அதன் பக்கத்தில் நேராகப் படுப்பாள். வால் நுனி முதல் மூஞ்சி முனை வரை ஓர் உடும்பு. மூஞ்சி முடிந்த இடத்தில் கோடு கிழிப்பார்கள். எழுந்து போய் அந்தக் கோட்டில் வால் நுனியை வைத்து மறுபடி படுப்பாள். இரண்டு உடும்பு. அவசரம் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. நடுவில் தூங்கியும் போவாள். யாரும் குறை சொன்னதில்லை. படுத்தே செய்யும் வேலைக்கு அவளைவிட்டால் ஆள் ஏது?

அவரவர் கரையில் அவரவர் அளவு. தொல்லை இல்லாமல்தான் இருந்தது. கல்யாணம் வந்தது, தொல்லையும் வந்தது.

வடகரையில் சடையன் என்று ஓர் அணில். அவனுக்கு ஒரு மகள். தென்கரையில் மாடத்தி என்று ஓர் அணில். அவளுக்கு ஒரு மகன். கோடையில் ஆறு வறண்டு கிடந்தபோது பையன் மணலில் ஓடிவந்து வடகரை நாவல் மரத்தில் பழம் தின்றான். பெண் மேல் கிளையிலிருந்து அவன் தலையில் கொட்டையைப் போட்டாள். மறுநாளும் வந்தான். மறுநாளும் போட்டாள். பெரியவர்கள் பார்த்தார்கள், பேசி முடித்துவிட்டார்கள்.

அணில்களுக்கு ஒரு வழக்கம். அக்கரையில் சம்பந்தம் செய்தால் பெண் வீட்டார் ஆற்றுக்குக் குறுக்கே கயிறு கட்ட வேண்டும். மாப்பிள்ளை ஊர்வலம் அதன் மேல்தான் வரும். தரையில் நடந்து வந்தவனை மாப்பிள்ளை என்று எந்த அணிலும் ஒப்புக்கொள்ளாது.

எனவே வறண்ட ஆற்றில் மாராயி படுத்துப் படுத்து அளந்தாள். தென்கரை மருத மரத்திலிருந்து வடகரை நாவல் மரம் வரைக்கும் சரியாக இருபத்தைந்து உடும்பு. மாடத்தி சொல்லியனுப்பினாள்: "இருபத்தஞ்சு உடும்புக் கயிறு. ஒரு நகம் குறையப்படாது."

அன்று மாலையே மேற்கு மலையில் மழை கொட்டியது. விடிந்தால் ஆறு நிறையச் செந்தண்ணீர்.

சடையன் கொம்பையாவிடம் ஓடினான்.

"அண்ணே, உடும்புக் கணக்கு நமக்கு எங்க தெரியும்? அதை அடியில சொல்லிப் போடுங்க."

"இது ஒரு வேலையா? இரு, வந்துட்டேன்."

கொம்பையா பறந்து அக்கரை போனான். மாராயி பாறை மேல் வெயிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் வால் நுனியில் நின்றான். நடந்தான். ஒன்று. இரண்டு. மூன்று. மூன்றாவது அடி அவள் காதோரம் விழுந்தது. மூஞ்சி மட்டும் அடியைத் தாண்டிக் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது.

கொம்பையா அதைப் பார்த்தான். பார்க்காமல் இல்லை. 'கொஞ்சம்தானே, கிடக்கட்டும்' என்று விட்டான். அந்த நேரம் பார்த்துத் தண்ணீரில் ஒரு கெண்டை வேறு துள்ளியது.

மாராயி ஒரு கண்ணைத் திறந்தாள். "யாரது? ஒழுங்கா அளந்தியா?"

"ரொம்ப ஒழுங்கா. நீ தூங்கு."

கெண்டையைத் தின்றுவிட்டுத் திரும்பி வந்தான். "ஓர் உடும்புக்கு மூணு அடி. இருபத்தஞ்சுக்கு எழுபத்தஞ்சு. திரிங்கடா!"

சடையனும் அவன் பங்காளிகளும் இருபது நாள் கோரைப்புல்லை அறுத்துக் காயவைத்துத் திரித்தார்கள். முடிச்சுக்கு விட்டதுபோக எழுபத்தைந்து அடி. கொம்பையா மூன்று முறை நடந்து பார்த்துத் தலையாட்டினான். ஒரு முனையை நாவல் மரத்தில் கட்டினார்கள். மறுமுனையில் ஒரு வளையம். வளையத்தை அலகில் கவ்விக்கொண்டு கொம்பையா பறந்தான். இக்கரையில் ஒரே கூத்து, கும்மாளம். அக்கரையில் மாப்பிள்ளைப் பையன் மருத மரத்தின் உச்சிக்கே ஏறி நின்றான்.

அப்போதுதான் கயிறு தீர்ந்தது.

முதலில் கொம்பையாவுக்கு விளங்கவில்லை. பறக்கிறான், ஆனால் போகவில்லை. இறக்கையை அடிக்கிறான், அடிக்கிறான், நின்ற இடத்திலேயே நிற்கிறான். பின்னால் யாரோ இழுத்துப் பிடித்த மாதிரி. திரும்பிப் பார்த்தான். கயிறு விறைத்து நின்றது. மருத மரம் முன்னால் இருந்தது. அலகைத் திறந்து ஏதோ சொல்லப்போனான். வளையம் தண்ணீரில் விழுந்தது.

மாடத்தியின் குரல் ஆற்று இரைச்சலையும் தாண்டி வந்தது.

"என்ன சம்பந்தி இது! கயித்துல குறைச்சாச்சு. பொண்ணையும் இப்படித்தான் குடுப்பீகளோ, வாலைக் குறைச்சு?"

"எழுபத்தஞ்சு அடி இருக்கு! எண்ணிப் பாருங்க!" என்று கத்தினான் சடையன்.

"அடியாம் அடி! எவன் அடி?"

"என் அடி!" என்றான் கொம்பையா. நெஞ்சு விம்மிப் போயிருந்தது. "பிறந்ததிலேருந்து ஒரு நூல் பிசகாத அடி! வெள்ளம் கரையை அரிச்சிருக்கு. ஆறு அகலமாயிடுச்சு, அம்புட்டுத்தான்!"

பாறை மேலிருந்து மாராயி நிதானமாகக் கேட்டாள். "மரம் ரெண்டும் நின்ன இடத்துலதானே நிக்குது? அதுவும் நடந்து போயிருச்சோ?"

தென்கரை முழுக்கச் சிரித்தது. வடகரையிலும் இரண்டு பேர் சிரித்துவிட்டு, கொம்பையாவைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

மாடத்தி முடிவாகச் சொல்லிவிட்டாள். "முகூர்த்தத்துக்கு முந்தி அந்தக் கயிறு இந்த மருத மரத்தைத் தொடணும். தொடலையா, எங்க கரையிலயே பொண்ணு இருக்கு. சும்மா சொல்லக் கூடாது, வாலைப் பாத்தா நரி வால் கணக்கா இருக்கும்."

மாப்பிள்ளைப் பையன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். அவன் காதைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள்.

இந்தப் பக்கம் சடையன் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். கோரை விளையும் பள்ளமெல்லாம் இதற்குள் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது. கையில் இருந்தது ஒரே ஒரு கட்டு.

"அண்ணே, இதுல ஒரு துண்டு திரிச்சு ஒட்டுப் போடலாம். ஒரு ஒட்டுத்தான் தாங்கும். நீளமாத் திரிச்சா மெலிஞ்சு போகும், ஊர்வலத்தோட அந்து ஆத்துல விழும். குட்டையாத் திரிச்சா எட்டாது. எத்தனை அடி குறையுதுன்னு மட்டும் சொல்லிருங்க."

"குறையவே இல்லைங்கிறேன்!"

"எட்டலையேண்ணே."

சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். மூன்றடி என்றது ஒரு மைனா. பத்து என்றது ஓணான். தவளை இருபது என்றது. தவளைக்குத் தூரத்துப் பார்வை கிடையாது.

நாவல் கிளையிலிருந்து மணப்பெண் கேட்டாள். "அப்பா, நான் ஒண்ணு சொல்லட்டா?"

"கல்யாணப் பொண்ணு சபையில பேசக் கூடாது. போ, உள்ள போ."

போகவில்லை. கிளையிலேயே உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொம்பையா கயிற்றைக் கரைக்கு இழுத்துப் போட்டு மறுபடி நடந்து பார்த்தான். எழுபத்தைந்து. இன்னொரு தடவை நடந்தான். எழுபத்தைந்தேதான். இத்தனை வருடத்தில் அவன் சொன்ன அளவை யாரும் இரண்டாம் முறை கேட்டதில்லை. இன்றைக்குத் தவளைகூட எதிர்க்கணக்குச் சொல்கிறது. மாடத்தி ஏசியதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. சடையன் ஒரு வார்த்தை ஏசவில்லையே, அதுதான் குத்தியது. தன்னால் ஒரு பெண்ணின் கல்யாணம் நிற்கப்போகிறது என்பது மெல்ல மெல்ல மண்டையில் ஏறியது. அன்றைக்கு அவன் மீன் தின்னவில்லை.

மறுநாள் காலை தென்கரையிலிருந்து தூது வந்தது. மாடத்தி மாராயியை அனுப்பியிருந்தாள், கயிற்றின் பக்கத்தில் படுத்துப் பார்த்து, எத்தனை உடும்பு தேறுகிறது என்று சொல்ல. உடும்புக்கு நீச்சல் வரும். வெள்ளத்தில் வாலால் துழாவிக்கொண்டு சாவகாசமாக வந்தாள். உடம்பெல்லாம் தண்ணீருக்குள். மூஞ்சி மட்டும் மேலே, குச்சி மிதந்து வருவதுபோல.

கிளையில் இருந்த மணப்பெண் திடீரென்று சிரித்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் வால் துள்ளியது.

"கொம்பையா பெரியப்பா! இவுகளை அளந்தீகளே, அந்த மூஞ்சியைச் சேத்தா அளந்தீக?"

"மூஞ்சியா? மூஞ்சியை எவன் கணக்குல சேப்பான்? அது என்ன, இத்துனூண்டு."

மாராயி கரையேறித் தண்ணீரை உதறினாள். "என்னது? மூஞ்சியை விட்டுட்டியா? ஒரு பொம்பளையை அளக்க வந்தவன் மூஞ்சியை விட்டுட்டா போவான்?"

"கொஞ்சம்தானே..."

"ஒரு மூஞ்சின்னா கொஞ்சம்" என்றாள் மணப்பெண். "அவுக இருபத்தஞ்சு தடவை படுத்திருக்காக. இருபத்தஞ்சு மூஞ்சியில்ல விட்டுப்போச்சு?"

சடையன்கூட 'பேசக் கூடாது' என்பதை மறந்து நின்றான். கொம்பையாவின் கழுத்து மெல்ல மெல்லக் குறுகித் தோளுக்குள் போனது. அவன் அந்த மூஞ்சியைப் பார்த்தவன். பார்த்துவிட்டு விட்டவன்.

"என் தப்புத்தான்" என்றான். அவன் வாழ்நாளில் முதல் தடவை அப்படிச் சொன்னான். உடனே அவசரமும் வந்துவிட்டது. "சரி, விடு. மூஞ்சி கால்வாசி அடி இருக்கும். இருபத்தஞ்சு கால், ஆறேகால். சடையா, ஆறேகால் அடி திரி!"

சடையன் கோரையை எடுத்தான்.

"அப்பா, திரிக்காதீங்க!" பெண் மரத்திலிருந்து இறங்கியே வந்துவிட்டாள். "கால்வாசின்னு யாரு கண்டா? பெரியப்பா இப்பவும் குத்துமதிப்பாத்தானே சொல்றாக. மறுபடி ஒரு நகம் விட்டுப்போனா? அதுவும் இருபத்தஞ்சு நகமாகும்."

"பின்ன என்னதான் பண்ணச் சொல்றே?"

"இருபத்தஞ்சு உடும்பையும் நடந்துருவோம். ஒண்ணு விடாம."

மாராயி பெருமூச்சு விட்டாள். "எனக்குப் பசிக்குது. முட்டை கிட்டை ஏதாவது..."

வடகரைப் பறவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கூட்டில் அழுந்தி உட்கார்ந்தன. சடையன் ஓடிப்போய் ஓர் இலை நிறைய நாவற்பழம் கொண்டுவந்து வைத்தான். உடும்பு அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "கல்யாண வீடாச்சேன்னு தின்றேன்" என்றாள்.

வெள்ளம் போக மிச்சமிருந்தது தண்ணீரோரம் ஒரு கீற்று ஈரமணல். மாராயி படுத்தாள். மூஞ்சி முனையில் கோடு கிழித்தார்கள். அலை வந்து அழித்தது. மறுபடி கிழித்தார்கள், மறுபடி அழித்தது. "நானே கோடு" என்று மணப்பெண் மூஞ்சி முனையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கொம்பையா நடந்தான். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது அடிக்குக் காலைத் தூக்கினான்.

"வைக்காதீங்க!"

"ஏன்?"

"வச்சா மூஞ்சியைத் தாண்டி விழும். மாராயி பெரியம்மா இன்னும் அங்க வந்து படுக்கலை. நகர்றப்போ உங்க காலை மிதிப்பாக, நீங்க துள்ளுவீக, கணக்குப் போயிரும். மூணோட நிறுத்திட்டுப் புதுசா ஆரம்பிச்சீகன்னா மறுபடி மூஞ்சி விட்டுப்போகும். தூக்கின காலு தூக்கினபடியே இருக்கட்டும். அவுக வந்து படுத்த பொறவு வைங்க."

கொம்பையா காலைத் தூக்கியபடி நின்றான். மாராயி எழுந்தாள். கொட்டாவி விட்டாள். ஒரு பக்கம் சொறிந்தாள். முன்னால் போய், மணப்பெண் இருந்த இடத்தில் வால் நுனியை வைத்துப் படுத்தாள். இவ்வளவு நேரமும் கொம்பையா ஒற்றைக் காலில்.

"இப்ப வைங்க."

நான்கு. ஐந்து. ஆறு. ஏழாவதைத் தூக்கினான், நின்றான்.

நான்காவது உடும்பு முடியும்போது ஒரு சத்தம் எழுந்தது. எண்ணிக்கொண்டிருந்த ஓணான்தான் கத்தியது. "பதிமூணு! மூணு நாலு பன்னெண்டுதானே? ஒரு அடி எங்கேருந்து வந்துச்சு?"

"நாலு மூஞ்சி சேந்து வந்தது" என்றாள் பெண்.

அதன்பிறகு கூட்டம் கூடிவிட்டது. மைனா, காடை, ஆமை, வேலை வெட்டி இல்லாத எல்லாரும் கூடவே நகர்ந்தார்கள். மாராயி படுப்பதற்கு ஒரு கைதட்டல். கொம்பையா காலைத் தூக்குவதற்கு ஒரு கைதட்டல். பத்தாவது உடும்பில் மாராயி தூங்கிப்போனாள். கொம்பையா தூக்கிய காலோடு நின்றான். முன்பு என்றால் அலகால் ஒரு குத்து விட்டிருப்பான். இப்போது நின்றான். முதலில் கால் கடுத்தது. பிறகு கடுக்கவில்லை. தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. மணலில் வெயில் ஏறுவது தெரிந்தது. அவசரப்படாமல் நிற்பது இவ்வளவு சுகமா என்று நினைத்தான். மாராயி தானாக விழித்து, "எங்க விட்டேன்?" என்றாள். "பத்து" என்றான் அவன் பணிவாக.

சூரியன் உச்சியைத் தாண்டியது. இருபத்து நான்காவது. இருபத்தைந்தாவது. மாராயி கடைசியாகப் படுத்து வாலை நேராக்கினாள். மணப்பெண் மூஞ்சி முனைக்குப் போய் உட்கார்ந்தாள். கொம்பையா அடி வைத்தான். எண்பது. எண்பத்தொன்று. கடைசி அடியைத் தூக்கினான்.

வைத்தான். பாதத்தின் முனையும் உடும்பின் மூஞ்சியும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே கோட்டில். நடுவில் ஒரு புல் செருக இடமில்லை.

"எண்பத்திரண்டு!"

"எழுபத்தஞ்சு போனா?" என்று கேட்டான் சடையன்.

"ஏழு!" கரையே சேர்ந்து கத்தியது.

ஏழு அடிக்குக் கோரை போதும். மெலியவும் மெலியாது. சடையனும் பங்காளிகளும் மறுநாள் பொழுது சாய்வதற்குள் முடித்து ஒட்டுப் போட்டார்கள். அடுத்த நாள் விடியலில் கொம்பையா வளையத்தைக் கவ்விக்கொண்டு பறந்தான். நடு ஆற்றைத் தாண்டினான். போன தடவை நின்ற இடத்தையும் தாண்டினான். மருத மரத்தில் அடித்திருந்த முளையில் வளையத்தைப் போட்டான். கயிறு டங்கென்று நின்றது. தொய்யவும் இல்லை, இழுக்கவும் இல்லை.

மாடத்தி வந்து வளையத்தை முகர்ந்தாள். தட்டிப் பார்த்தாள். குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று சுற்றி வந்தாள்.

"ம்" என்றாள் கடைசியில். "நகம் குறையலை. யாரு சொன்ன கணக்கு?"

"உன் மருமக சொன்னது" என்றாள் நீந்தி வந்து சேர்ந்த மாராயி.

"அப்படியா?" மாடத்தி வாலை ஒரு சொடுக்குச் சொடுக்கினாள். "நான் பாத்த பொண்ணுல்ல! எனக்கு அப்பவே தெரியும்."

கல்யாணம் ஜாம் ஜாம் என்று நடந்தது. கயிற்றின் மேல் இருநூறு அணில்கள் வரிசையாக, முன்னால் மாப்பிள்ளை. நாவல் மரத்துக்கு ஓர் எட்டு இருக்கும்போது அவன் தலையில் டொக்கென்று ஒரு கொட்டை விழுந்தது. மேலே பார்த்தான், பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். கீழே தண்ணீரில் மாராயியின் மூஞ்சி ஊர்வலத்தோடு மிதந்து வந்தது. விருந்தில் வேப்பம்பழம், கொய்யா, நாவல். முட்டை கிடையாது. மாராயிக்கு அதில் மட்டும் வருத்தம்.

அதன்பிறகு இரண்டு கரைக்கும் போக்குவரத்து நிற்கவில்லை. 'இத்தனை உடும்புக்கு எத்தனை அடி?', 'இத்தனை அடிக்கு எத்தனை உடும்பு?' என்று நாளெல்லாம் யாராவது வருவார்கள். கொம்பையா தண்ணீரோரம் ஒரு காலைத் தூக்கியபடி தயாராகவே நின்றான். அவன் குஞ்சுகள் பார்த்தன. வளர்ந்தவர்கள் இப்படித்தான் நிற்பார்கள்போல என்று அவையும் நின்றன. அவற்றின் குஞ்சுகளும்.

நாரை மீனுக்காக நிற்கிறது என்பார்கள். மீனே இல்லாத வெறும் வயலிலும் நிற்கிறதே, அது எதற்காம்? விட்டுப்போன கொஞ்சத்தைக் கீழே போடாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடுத்த உடும்பு வந்து படுக்கட்டும் என்று நிற்கிறது. அன்று முதல்தான் நாரைக்கு ஒற்றைக் கால் நிலை. அதை அப்படி நிற்க வைத்தவள், சபையில் பேசக் கூடாது என்று அப்பனே வாயை அடைத்த அந்தச் சின்ன அணில். அவள் பெயர் பேச்சி.